சூரியனை வெட்டியவன் பெண்டாட்டி

முன்னொரு காலத்தில் செம்மணல் தேரிக்குக் கிழக்கே உடையன்விளை என்று ஓர் ஊர் இருந்ததாம். எத்தனை தலைமுறைக்கு முன்னால் என்று கேட்டால், ஐந்து என்பாரும் உண்டு, ஒன்பது என்பாரும் உண்டு. சண்டை வேண்டாம், ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் இன்றைக்கும் இருக்கிறது. ஆனாலும் கதை என்று வந்துவிட்டால் 'இருந்ததாம்' என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த ஊரில் கொம்பையா என்றொரு பனையேறி. அவன் பெண்டாட்டி உலகம்மாள். அவன் மேலே பாளை சீவுவான், அவள் கீழே பதநீர் காய்ச்சுவாள். பதநீர் காய்ச்சுகிற ஓலைக்குடிசைக்கு விடிலி என்று பேர். மற்றவர்கள் விடிலியில் நாலு பேர் குனிந்து நிற்கலாம். உலகம்மாள் விடிலி இருபது முழ நீளம். மேற்கே ஓலைத்தட்டி, கிழக்கே சுண்ணாம்பு பூசிய மண்சுவர்.

மேற்குத் தட்டியில் ஒரு துளை. உளுந்து நுழையும், கொண்டைக்கடலை நுழையாது. சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் அந்தத் துளை வழியாக வெளிச்சம் வந்து, அடுப்புப் புகையைக் கிழித்துக்கொண்டு போய், கிழக்குச் சுவரில் கையகல வட்டமாக விழும். துளை கோணலாம், வட்டம் மட்டும் அச்சு வார்த்த வட்டமாம். இதென்ன கூத்து என்று உலகம்மாள் யோசித்தாள். ஒரு நாள் சுவர் வட்டத்துக்குக் குறுக்கே ஒரு நிழல் ஓடியது. வெளியே வந்து பார்த்தாள். சூரியனுக்குக் குறுக்கே மேகம் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் வந்து உட்கார்ந்திருப்பது சூரியனேதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

பங்குனியில் வட்டத்தின் ஓரத்தில் கடுகளவு கறுப்பு தெரிந்தது. துடைத்தாள், போகவில்லை. தினமும் கரிக்கட்டியால் அது நிற்கிற இடத்தைக் குறித்தாள். நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து, பதின்மூன்றாம் நாள் மறு ஓரத்தில் விழுந்து காணாமல் போனது. சித்திரையில் இன்னொன்று வந்தது. அதுவும் பதின்மூன்று நாள். யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் பதநீரைப் புளிக்கவைத்துக் குடிக்கிறாள் என்பார்கள்.

ஆடி பிறந்தது. இந்த முறை உளுந்தளவு கறுப்பு வந்தது. அது வந்த ஆறாம் சாயங்காலம் காற்று தேரியை அள்ளி வானத்தில் வீசியதாம். புழுதிக்குள் சூரியன் சிவந்து, ஒளி செத்து, வெறும் கண்ணால் பார்க்கிற பதத்தில் தொங்கியது. தேரி மேட்டில் நெட்டைப் பனை உச்சியில் கொம்பையா. ஊரிலிருந்து பார்த்தவர்களுக்குச் சூரியனின் நட்டநடுவில் அவன் இருந்தான். அருவாளை ஓங்கினான், பாளையைச் சீவினான். சூரியன் அவன் தோளுக்குக் கீழே இறங்கியது. அதன் நடுவில் கறுப்பாக ஒரு வெட்டு.

கொம்பையா சூரியனை வெட்டிவிட்டான் என்று ஒரு குரல் சொன்னதாம். யார் குரல் என்று எந்தக் கதையிலும் இல்லை. இப்படிப்பட்ட பேச்சைத் தொடங்கிவைப்பவர் பேர் எப்போதும் தொலைந்துபோகும்.

ஊர்த்தலைவன் சிவனணைஞ்சான், கொம்பையாவுக்குச் சொந்தப் பெரியப்பன். அவனுடைய ஒரே மகன் தேரியில் ஆடு தேடப் போய், வெயில் தாக்கி, நாக்கு வெளியே தள்ளிச் செத்து அன்றைக்குப் பத்து நாள். இத்தனை வருசம் சுடாத சூரியன் என் பிள்ளையை ஏன் சுட்டது என்று பத்து நாளும் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது பதில் கிடைத்துவிட்டது. வெட்டுப்பட்ட மாடு முட்டாதா? செத்தது பத்து நாளுக்கு முன்னால், வெட்டியது இன்றைக்கு என்று நாள் பார்க்கிற நிலையில் அவன் இல்லை. பத்து நாளாகவே வெட்டிக்கொண்டிருக்கிறான், இன்றுதான் அகப்பட்டான் என்று ஊரும் சொன்னது.

கொம்பையா இறங்கி வந்தபோது பனை மூட்டில் நாற்பது பேர். கம்பால் அடித்தார்கள், கருக்குமட்டையால் அடித்தார்கள். கருக்குமட்டை என்றால் ரம்பப் பல். முதுகுத்தோல் நாராக உரிந்ததாம். வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அவனை அந்தப் பனையிலேயே கட்டி, வெட்டிய கையை வெட்டுவது என்று முடிவானது. கை போனால் பனையேறிக்கு மிச்சம் என்ன? சாகும்வரை பட்டினிதான்.

உலகம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். மாமன் சிவனணைஞ்சான் முன்னால் நின்றாள். அழவில்லை என்கிறார்கள். அழுதாள், ஆனால் பேச்சு குழறவில்லை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது.

"மாமா, அது வெட்டு இல்ல. நடந்து போற மாதிரி ஒண்ணு. இன்னும் ஏழு சாயங்காலத்துல ஓரத்துக்குப் போயி விழுந்துரும். என் விடிலிச் சுவத்துல பாத்து வச்சிருக்கேன்."

"சூரியன் உன் விடிலிக்கு வருதோ? கருப்பட்டி வாங்கவா?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று அவள் நின்றாள்.

"ஏழாம் நா அது இருந்தா, அவுக கையோட என் கையையும் எடுத்துக்கிடுங்க."

நாற்பது பேருக்கும் இரண்டு கை என்றதும் பொறுமை வந்தது. சிவனணைஞ்சான் ஒத்துக்கொண்டான். ஆனால் சுவரை நம்ப மாட்டான், தன் கண்ணால்தான் பார்ப்பான். மற்றவர்கள் சூரியன் சிவந்து புழுதிக்குள் இறங்கினபின் ஒரு பார்வை பார்ப்பார்கள். அவன் வெள்ளை வெயிலிலேயே தேரி மேட்டில் நின்று இமைக்காமல் பார்த்தான். கண்ணிலிருந்து நீர் தாரையாக வடிந்தது. மகனைச் சுட்டவனை முகத்துக்கு நேரே பார்க்கிறேன் என்றானாம்.

உலகம்மாள் மூன்று முறை போய்ச் சொன்னாள். "வேண்டாம் மாமா. சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு என் சுவத்தைப் பாருங்க. கண்ணு வெந்துரும்." மூன்று முறையும் துரத்தினான். மூன்றாம் முறை மிதித்தான்.

பனையில் கட்டிய கொம்பையாவுக்கு ஒரு வேளை கஞ்சி, ஒரு வேளை அடி. அவன் பனைகளில் மற்றவர்கள் ஏறினார்கள், காய்ச்சுவது மட்டும் உலகம்மாள்.

நாலாம் சாயங்காலம் உலகம்மாள் சுவரில் ஒன்றைக் கண்டாள். கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளையாக இரண்டு பொறி வெடித்தது. வெளிச்சத்துக்குள் அதைவிடப் பெரிய வெளிச்சம். பத்து மூச்சு விடுகிற நேரம் எரிந்து அணைந்தது. சூரியன் மேல் தீப்பிழம்பு பீறிட்டுக் கிளம்பும், அதன் ஒரு வீச்சுக்கு நம் பூமி பத்து காணாது என்று இந்தக் காலத்தில் கருவி வைத்துப் பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். அவளுக்கு அதெல்லாம் தெரியாது. சூரியனுக்குள்ளும் அடிதடி நடக்கிறது என்று மட்டும் தெரிந்தது. மறுநாள் கறுப்பு இரண்டாகப் பிளந்திருந்தது. ஓரத்தை நெருங்க நெருங்க நடையும் தளர்ந்தது. பானை வளைவில் ஊரும் எறும்பு விளிம்புக்குப் போகும்போது நகராததுபோலத் தெரியுமே, அப்படி. ஆறாம் நாள் மயிரிழைகூட நகரவில்லை என்றே தோன்றியது. அன்று அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம்.

ஏழாம் சாயங்காலம் ஊரே மேட்டில் கூடியது. புழுதி எழுந்தது, சூரியன் சிவந்தது. எல்லாரும் பார்த்தார்கள். கழுவிக் கவிழ்த்த வெண்கலத் தட்டு. ஒரு புள்ளி இல்லை. போய்விட்டது, போய்விட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஏழு நாள் அடித்த கைகளே கட்டை அவிழ்த்தன.

சிவனணைஞ்சான் மட்டும் அசையவில்லை.

"இருக்கு. நடுவுலயே இருக்கு. அன்னைக்கவிடப் பெருசா இருக்கு."

"இல்ல மாமா."

"கண்ணு தெரியாமலா நிக்கேன்? இருக்குட்டி."

 அவன் கொம்பையாவின் அருவாளைப் பக்கத்தில் நின்றவன் கையிலிருந்து பிடுங்கினான். ஏழு நாள் அரைப்பட்டினிக்காரன் எங்கே ஓடுவான்? இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து, பனை மூட்டில் வைத்து அழுத்தினான். குறி பார்த்தான். குறி பார்த்த இடத்தில் கறுப்பு. தலையை ஆட்டிவிட்டுப் பார்த்தான், கறுப்பும் கூடவே வந்தது. ஓங்கி வெட்டினான்.

விழுந்தவை நாலு விரல். நாலும் சிவனணைஞ்சானுடையவை. பிடித்திருந்த கையின் விரல்கள்.

ரத்தம் பனை மூட்டில் பீச்சியது. முதலில் ஓடிப்போய்ப் பிடித்தது உலகம்மாள். விடிலிக்கு இழுத்துக்கொண்டு போய், அந்தக் கையைக் கொதிக்கிற கருப்பட்டிப் பாகில் முக்கினாள். ஊர் முழுக்க அந்த அலறல் கேட்டதாம். ரத்தத்தை நிறுத்தத்தான் முக்கினாள் என்று ஒரு கட்சி. ஏழு நாளைக்கும் சேர்த்து முக்கினாள் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டு கட்சியிலும் உண்டு. எப்படியோ, ரத்தம் நின்றது, ஆள் பிழைத்தான்.

கண் பிழைக்கவில்லை. பார்த்த இடமெல்லாம் நடுவில் கறுப்பு. சோற்றைப் பார்த்தால் சோற்றில், மனுசரைப் பார்த்தால் மூஞ்சியில். இரண்டு வாரம் கழித்து அவனாகவே தட்டுத்தடுமாறி விடிலிக்கு வந்தானாம். மேற்கே முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். கொம்பையா எழுந்து வெளியே போய்விட்டான். உலகம்மாள் பாகு கிண்டிக்கொண்டிருந்தாள். சிவனணைஞ்சான் கேட்டான்.

"எனக்கு எல்லாத்துலயும் இருக்கு. நெசத்துல இருக்கா, நீ சொல்லு."

அவள் துடுப்பை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தாள். ஓரத்தில் கடுகளவாகத் திரும்பி வந்திருந்தது.

"இருக்கு மாமா. இன்னைக்குத்தான் வந்திருக்கு. ஒண்ணும் செய்யாது."

அவன் சாகும்வரை தினமும் வந்து கேட்டான் என்கிறார்கள். அவளும் ஒரு நாளும் மாற்றிச் சொல்லவில்லையாம்.

இதனால்தான், ஐயா, உடையன்விளைக்காரர்கள் பொங்கலன்றைக்குச் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுண்ணாம்புச் சுவரைக் கும்பிடுகிறார்கள். வெளியூர் மாப்பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சாயங்காலம் ஊர்த்தலைவராக இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு சுவர் முன்னால் உட்கார்ந்து, "இருக்கா?" என்று கேட்க வேண்டும். உலகம்மாள் வம்சத்தில் ஒரு பெண் பார்த்துவிட்டு உள்ளதைச் சொல்ல வேண்டும். இருந்தால் இருக்கு, இல்லையென்றால் இல்லை. அவர் அதற்கு மேல் கேட்கக்கூடாது. அவள் சொன்னபிறகுதான் ஊரில் யாரும் அருவாளைக் கையில் எடுக்கலாம்.