எட்டாவது ட்ரம்பெட்

குவாமெனா: ம்ஹூம்... இதுவும் சரியில்ல. காத்து எங்கயோ போகுது.

எஃபுவா: ட்ரம்பெட்லயா, உங்க பல்லு சந்துலயா?

குவாமெனா: கடைக்காரர் முன்னாடி பல்லைப் பத்திப் பேசாத.

டெட்டே: நான் எதையும் கேக்கல ஐயா. காலையிலேர்ந்து இந்த மாநாட்டுல நாப்பது சர்ச்சு பேண்டு ஒண்ணா ஊதுது. எனக்கு இப்ப காதே கிடையாது.

எஃபுவா: இது ஏழாவதுங்க. ஏழுலயும் குத்தம். இதுக்கா கேப் கோஸ்ட்லேர்ந்து குமாசிக்கு அஞ்சு மணி நேரம் குலுங்கி வந்தோம்?

குவாமெனா: முப்பது வருஷமா எங்க சர்ச்சுல முதல் ட்ரம்பெட் நான். எனக்குத் தெரியாதா?

எஃபுவா: யாரு இல்லேன்னா... அந்தப் பெரிய ஊதல், ட்யூபாவைத்தான் ஒரு தடவை பாருங்களேன். வாய் வைக்கிற இடம் அகலமா இருக்கு. முன்பல்லுக்கு வேலை கம்மி.

குவாமெனா: இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?

எஃபுவா: யாரோ... சந்தையில பேசிக்கிட்டாங்க.

குவாமெனா: மீன் சந்தையில ட்யூபா பத்திப் பேசுறாங்களாக்கும். சரி, இந்த எட்டாவதை நீ ஊது.

எஃபுவா: நானா? எனக்குச் சோள மாவுக் கெங்கே வேகுற அடுப்பை ஊதத்தான் தெரியும்.

குவாமெனா: அதே மாதிரி ஊது. சத்தம் எப்படி இருக்குன்னு நான் தள்ளி நின்னு கேக்கணும்.

எஃபுவா: எப்படிப் பிடிக்கிறது... இப்படியா?

டெட்டே: அம்மா, தலைகீழா பிடிச்சிருக்கீங்க.

எஃபுவா: ப்பூ... பாத்தீங்களா, வரல.

டெட்டே: ஐயா, தப்பா நினைக்காதீங்க. அம்மா ஊதுறதுக்கு முன்னாடி உதட்டை நனைச்சாங்க. திருப்பிப் பிடிச்சதும் மூணு விரலும் தானா போய்க் கட்டை மேல உக்காந்துடுச்சு.

எஃபுவா: உங்களுக்குத்தான் காதே கிடையாதுன்னீங்களே?

டெட்டே: கண்ணு இருக்கேம்மா.

குவாமெனா: எஃபுவா... முழு மூச்சா ஊது.

எஃபுவா: எல்லாரும் பாக்குறாங்க...

குவாமெனா: ஊது.

டெட்டே: ...அடேயப்பா. எதிர் கடைக்காரன் வியாபாரத்தை நிறுத்திட்டுப் பாக்குறான்.

குவாமெனா: இதைப் பெட்டியில வைங்க.

எஃபுவா: உங்களுக்கு இதுல காத்து நிக்காதுங்க.

குவாமெனா: எனக்கு இனி எதுலயும் நிக்காது. முன்பல்லு ரெண்டும் போன அன்னைக்கே தெரியும். இது உனக்கு.

எஃபுவா: எனக்கா... நீங்க தினமும் வேன் ஓட்டப் போனப்புறம், ரெண்டு வருஷமா... உங்க ட்ரம்பெட் வாயில தலையணை அடைச்சு...

குவாமெனா: தலையணை ஏன் எச்சி நாத்தம் அடிக்குதுன்னு நானும் யோசிச்சேன்.

எஃபுவா: ஈஸ்டர் அன்னைக்கு ஆளில்லேன்னு பேண்டு மாஸ்டர் கெஞ்சினாரு. ஒரே ஒரு நாள்தாங்க உங்க நாற்காலியில உக்காந்தேன். நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல... அன்னைக்கு நீங்க பல்லு வலின்னு வீட்டுல படுத்திருந்தீங்களே, நான் ஊதுவேன்னு எப்படித் தெரிஞ்சுது?

குவாமெனா: பல்லு வலி நிஜம். படுத்திருந்ததுதான் பொய். சர்ச்சு ஜன்னலுக்கு வெளிய நின்னேன். மூணாவது பாட்டு வரைக்கும் உன்மேல கொலைவெறி... அதுக்கப்புறம், பக்கத்துல நின்னவன் ஒருத்தன் விடாம எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், ஊதுறது என் பொண்டாட்டின்னு.