அரைச் சுற்று

வேனுக்குள் தூங்குகிறவர்கள் குளிருக்குப் பயப்படுவார்கள், புகைக்குப் பயப்பட மாட்டார்கள். இதுதான் ஐயா தொல்லை. பதினெட்டு வருடமாக வேன்களுக்கு ஹீட்டர் பொருத்துகிறேன். வருகிறவர்களிடமெல்லாம் வாய் வலிக்கச் சொல்வேன். சமையல் அடுப்பை எரியவிட்டுக் குளிர்காயாதீர்கள். நச்சுவாயு அலாரத்தைக் கழற்றாதீர்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம், அவ்வளவுதான். தம்பி மனைவி எனக்கு 'ஹீட்டர் மாமா' என்றே பெயர் வைத்திருந்தாள்.

அவளும் தம்பியும் ஒரு பழைய வேனை வாங்கி, கட்டில் போட்டு, அலமாரி அடித்து, இனி ஊர் ஊராகச் சுற்றுவதுதான் வாழ்க்கை என்று முடிவு செய்துவிட்டார்கள். எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டேன்.

"திரும்பினா சொல்றோம் மாமா," என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம் வந்தது. மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். முன்பு அவர்கள் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தபோது, தனியாக உட்காரப் பிடிக்காமல் நான் நின்றுகொண்டேதான் சாப்பிட்டேன். பட்டறையில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டுத்தான் படுத்தேன். ஐம்பது வயது ஆம்பளைக்கு இப்படியா என்று நீங்கள் நினைக்கலாம், நினைத்துக்கொள்ளுங்கள். இந்த அறையிலும் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள் ஐயா. அதற்காகத்தான் இவ்வளவும் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். ஹீட்டர் முன் இருக்கைக்கு அடியில் இருக்கும். அதன் புகைக்குழாய் தரைத் துளை வழியாக வெளியே போகும். ஹீட்டரும் குழாயும் சேருகிற இடத்தில் ஒரு கிளாம்ப், இறுக்கிப் பிடிக்கிற வளையம். எல்லோருக்கும் அதை இறுக்கிவிட்டு, கையால் ஒரு முறை அசைத்தும் பார்ப்பேன். தம்பிக்கு இறுக்கிய பிறகு அரைச் சுற்று தளர்த்தினேன். "அலாரத்துல பேட்டரி சரியில்ல, வேற அனுப்பறேன்" என்று அதையும் கழற்றி வைத்துக்கொண்டேன். உள்ளே கொஞ்சம் வாயு கசியும், இருவருக்கும் லேசாகத் தலை வலிக்கும், இந்த வாழ்க்கை நமக்கு ஒத்துவராது என்று வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இதில் யாருக்கு என்ன கெடுதல், சொல்லுங்கள்.

கிளம்பிய மூன்றாம் நாள் சாயங்காலம் தம்பி போன் செய்தான். மலையில் ஏறி நிறுத்தியிருக்கிறார்களாம், நடுக்குகிற குளிராம்.

"அண்ணா, ரெண்டு பேருக்கும் தலை விண்ணு விண்ணுனு தெறிக்குது. இவ வாந்திகூட எடுத்துட்டா."

நான் நினைத்தபடியே நடந்தது. திரும்பி வாடா என்று ஒரு வார்த்தை போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஹீட்டர்ல ஏதாவது கோளாறா இருக்குமோன்னு இவளுக்கு சந்தேகம். காலைல கீழ இறங்கி ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிடறோம்ணா."

தொழில் தெரிந்தவன் எவன் குனிந்து பார்த்தாலும் தளர்ந்த கிளாம்ப் கண்ணில் படும். அலாரம் எங்கே என்று கேட்பான். தம்பி என் பெயரைச் சொல்வான். சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிடும். அதன் பிறகு சாகும்வரை அவன் என் முகத்தில் விழிக்க மாட்டான்.

"மலை ஏறின அலுப்புடா," என்றேன். "ஹீட்டரக் கூட்டி வச்சுட்டு நல்லாத் தூங்குங்க. காலைல சரியாப் போயிடும்."

"காத்து வரட்டும்னு ஜன்னலக் கொஞ்சம் திறந்து வைக்கட்டுமாண்ணா?"

"வேணாம்டா. நல்லா மூடிட்டுப் படு."

"சரிண்ணா," என்று வைத்துவிட்டான். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை. விடியும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒரு முறைகூட அவனைக் கூப்பிடவில்லை.

இருவரையும் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த ஜன்னல் விஷயத்தை மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள் ஐயா. தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே குளிர் ஆகாது. அந்த அக்கறையில்தான் மூடச் சொன்னேன்.