துடைத்துவிட்ட சிவப்பு

எண்ணெய் தொட்டுத் துடைத்தால் எந்தப் பழைய கருவியும் போட்டோவில் நன்றாகத்தான் விழும், டாக்டர். நான் இதை யாரிடமும் கற்றுக்கொண்டவள் இல்லை. அண்ணனுடைய ஸ்பானர்களையும் சுத்தியல்களையும் ஆன்லைனில் விற்கப் போய்த் தெரிந்துகொண்டது. உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்து, மெஷின் எண்ணெயில் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்து, ஜன்னலோரமாகப் பழைய படுக்கை விரிப்பின் மேல் வைத்து எடுக்க வேண்டும். வெயில் நேராகப் பட்டால் இரும்பு வெளுத்துப்போகும்.

"மறதி எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டீர்கள். பக்கத்து அறையில் அண்ணனை, ஞாபகத்தைச் சோதிக்கக் கடிகாரம் வரையச் சொல்லி உட்கார வைத்துவிட்டு, என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கேட்டீர்கள். பதில் சொல்கிறேன். ஆனால் கருவி விற்ற கதையிலிருந்து வந்தால்தான் அது விளங்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் வாடகை இடத்தில் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தார். மோட்டார், பம்பு, தையல் மெஷின் என்று எது வந்தாலும் பார்ப்பார். கட்டடத்தை இடிக்கப்போகிறோம் என்று சொந்தக்காரர் சொன்னதும் கருவிகள் எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. கட்டிலுக்கு அடியில், சோபாவுக்குப் பின்னால், குளியலறை வாசலில் கூட இரும்புதான்.

"நடந்தா கால்ல சம்மட்டி இடிக்குது. என் நகம் பேந்துபோனாலும் உங்க அண்ணன் முதல்ல சம்மட்டிக்கு அடிபட்டுச்சான்னுதான் பார்ப்பாரு" என்று அண்ணி என்னிடம் அலுத்துக்கொள்வார்.

அக்கம்பக்கத்து வேலைக்கு ஒரு பெட்டி கருவி போதும், மற்றதை விற்றுவிடலாம் என்று முடிவானது. அண்ணனுக்குப் போனில் பேசுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. "நீயே பார்த்துக்க பாப்பா. உனக்குத்தான் டைப் அடிக்க வரும்" என்றார். ஐம்பது வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான். புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு வந்து நின்ற அன்று, ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்துவிட்டவர் அவர். அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

அண்ணன் பெயரிலேயே கணக்கு ஆரம்பித்து அவர் படத்தையே போட்டேன். "போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டுற படம் மாதிரி இருக்கு. யாரு நம்பி வாங்குவா?" என்று அண்ணி சிரித்தார். ஆனால் வாங்கினார்கள். கேள்வி கேட்பார்கள், நான் சமையலறையிலிருந்து கத்தி அண்ணனிடம் கேட்டு, அவர் பேசுவது போலவே பதில் எழுதுவேன். 'இந்த ரெஞ்ச் என் கையில நிறைய வருஷம் உழைச்சது தம்பி, வழுக்காது' என்று. 'அண்ணே, நீங்க சொன்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்' என்று எழுதுவார்கள். ஐந்து நட்சத்திரம் போடுவார்கள். ஆரம்பத்தில் இதையெல்லாம் அண்ணனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். போகப்போக எனக்கு மட்டும் படித்துக்கொண்டேன். நான் வாழப்போயிருந்த வீட்டில் எனக்கு எதற்கும் துப்பில்லை என்றுதான் சொல்வார்கள். யாரோ முகம் தெரியாதவர்கள் பாராட்டும்போது, அது அண்ணனுக்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு கட்டத்தில் சரக்குத் தீர்ந்துபோனது. சுத்தியல் இருக்கா அண்ணே, சுத்தியல் இருக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இல்லை என்று எழுத மனசு வரவில்லை. கொல்லைப்பக்கம் ஒரு இரும்பு வாளியில் அண்ணன் சில கருவிகளைத் தனியாகப் போட்டு வைத்திருந்தார். எல்லாவற்றின் பிடியிலும் சிவப்புப் பெயிண்டால் ஒரு வளையம். அதிலிருந்து ஒரு சுத்தியலை எடுத்தேன். நல்ல கனம், நல்ல பிடி. சிவப்பு மட்டும் போட்டோவில் அசிங்கமாகத் தெரிந்தது. பெயிண்ட் கரைக்கிற தின்னர் தொட்டுத் துடைத்தேன், போய்விட்டது. போட்ட அன்றே விற்றது.

சிவப்புக்கு அர்த்தம் இருப்பது தெரியாமல் செய்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். யாராவது கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் தெரியும், டாக்டர். விற்க ஆரம்பித்தபோதே அண்ணன் அந்த வாளியைக் காட்டிச் சொல்லியிருந்தார்.

"செவப்பு போட்டது பழுது பாப்பா. கண்ணுக்குத் தெரியாது, உள்ள விரிசல் இருக்கும். அடிக்கிறப்ப தெறிச்சுடும். இதை எடைக்குக்கூடப் போடமாட்டேன். அங்கேர்ந்து எவனாவது எடுத்துட்டுப்போய் அடிப்பான். நானே நின்னு உருக்கிட்டு வரணும்."

சுவரில் படம் மாட்ட நாலு ஆணி அடிக்கப்போகிறார்கள், அதற்குள் என்ன தெறித்துவிடப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வாங்கியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மகளுக்குத் தன் கையாலேயே கட்டில் செய்துகொடுக்க ஆசைப்பட்டிருக்கிறார். உளியின் தலையில் அடித்தபோது சுத்தியலின் முனையிலிருந்து ஒரு சில்லுத் தெறித்து வலது கண்ணில் போய்விட்டது. பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார்களாம். அவர் மனைவிதான் போன் செய்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சார்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். விக்கிறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துத்தானே குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். கேள்வி அண்ணனுக்கு என்பதால் போனை அண்ணனிடம் கொடுத்தேன்.

போனை வைத்துவிட்டு அண்ணன் நேராகக் கொல்லைப்பக்கம் போய் வாளியைக் கிளறிவிட்டு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"பாப்பா, அந்தச் சுத்தியல்ல செவப்பு இருந்துச்சே."

"இல்லையே அண்ணா. நல்லதுங்களோடதான் கிடந்துச்சு. செவப்பெல்லாம் ஒண்ணும் இல்ல."

வாய் கூசாமல் சொன்னேன். அவர் பேரில் பேசிப் பேசி எனக்குப் பழகிப்போயிருந்தது. அவர் என்னை ஒரு கணம் கூடச் சந்தேகிக்கவில்லை. சந்தேகம் வந்தது அவர்மேல்தான். "அப்ப நான்தான் செவப்பு அடிக்க மறந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான், டாக்டர். மறதி அப்போதுதான் ஆரம்பித்தது.

அதோடு நின்றிருந்தால் நான் சாதாரணப் பொய்க்காரி. ஆனால் அண்ணனுக்கு நல்ல ஞாபகசக்தி. மறுநாளே திரும்ப அந்தப் பேச்சுக்கு வந்தார். "இல்ல பாப்பா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வாசல்ல உக்காந்து அடிச்சேன். சட்டையில பட்டு உங்க அண்ணி திட்டினா." அண்ணி யோசித்துப் பார்த்து, "திட்டினேன்தான். ஆனா அது எந்தச் சுத்தியலுக்குன்னு நான் என்னத்தக் கண்டேன்?" என்றார். இன்னும் நாலு நாள் விட்டால் அவர் முழுசாக நினைவுக்குக் கொண்டுவந்துவிடுவார். சொன்ன பொய் தாங்க வேண்டுமென்றால், அவர் வேறு சிலதையும் மறந்தாக வேண்டியிருந்தது.

அவர் கண்ணாடியை எடுத்துத் துணி அலமாரியில் வைத்தேன். தேடு தேடு என்று தேடிவிட்டு அங்கே கண்டெடுத்தார். மாத்திரை போட வந்தவரிடம், "இப்பத்தானே அண்ணா போட்டீங்க?" என்றேன். கையிலிருந்த மாத்திரையை இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்ப டப்பாவில் போட்டார். சொல்லாததைச் சொன்னதாகவும் சொன்னதைச் சொல்லவில்லை என்றும் பேச்சுவாக்கில் சொல்லி வைத்தேன். கோபப்படவே மாட்டார். "ஓ, அப்படியா?" என்பார், அவ்வளவுதான்.

ஒரு நாள் அவர் டீ போட்டுவிட்டு ஹாலுக்குப் போனார். நான் போய்ப் பக்கத்து அடுப்பின் காஸைப் பற்றவைக்காமல் திறந்துவிட்டேன். ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செய்தேன். வாடை பிடித்து ஓடிவந்தது அண்ணிதான். அன்றிலிருந்து அண்ணன் சமையலறைக்குள் கால் வைக்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை அவரே கொண்டுவந்து அண்ணி கையில் கொடுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, "இனிமே என்னை நம்பாதீங்க சார்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

வாத்தியார் வீட்டுக்கும் போனோம். நான்தான் கூடப் போனேன். கட்டுப்போட்ட கண்ணோடு அந்த மனிதர் எழுந்து அண்ணனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அண்ணன் உட்காரவில்லை. "என் மறதி உங்க கண்ணை எடுத்துடுச்சு" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். பாதி செய்த கட்டிலைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் அதன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூட வந்ததற்கு வாத்தியார் மனைவி எனக்கு நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன், தனக்கென்று வைத்திருந்த அந்த ஒரு பெட்டியையும் இழுத்துவந்து என் முன்னால் வைத்தார். "இதையும் வித்துடு பாப்பா. என் கையில இருந்தா இன்னொருத்தன் கண்ணு போகும்." தடுத்திருக்கலாம். நான் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்தேன், போட்டோ எடுத்தேன், அவர் பேசுவது போலவே எழுதினேன். சீக்கிரமே எல்லாம் போய்விட்டது. எல்லாரும் நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார்கள். நான் அதை இப்போதும் எடுத்துப் படிக்கிறேன். இதைச் சொல்லத்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட வெட்கமாக இருக்கிறது.

இப்போது அவர் என்ன கேட்கிறார் என்று உங்களுக்கே தெரியும். யாருக்கும் கெடுதல் வராமல் தன்னைக் கொண்டுபோய் ஒரு காப்பகத்தில் சேர்த்துவிடச் சொல்கிறார். நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அந்தக் கடிகாரத்தை அவர் சரியாக வரையமாட்டார். தப்புச் செய்துவிடுவோமோ என்று இவ்வளவு பயந்திருக்கிற யாரும் சரியாக வரையமாட்டார்கள். எட்டைப் போட்டுவிட்டு எட்டுத்தானா என்று அழித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் சொல்லாமல் இருந்துவிடவில்லை. காப்பகம் என்ற பேச்சு வந்ததும் தாங்கவில்லை. போன வாரம் அண்ணனையும் அண்ணியையும் உட்கார வைத்து, இதோ உங்களிடம் சொன்ன மாதிரியே சொன்னேன். தின்னர், கண்ணாடி, மாத்திரை, அடுப்பு எல்லாம். நான் முடித்ததும் அண்ணன் என் தலையில் கை வைத்தார்.

"எனக்காக நீ பழியை ஏத்துக்காத பாப்பா. என் மூளை போனது போனதுதான். நீ பொய் சொன்னா அது திரும்பி வந்துடுமா?"

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கூடப்பிறந்தவன்னா இப்படி இருக்கணும். நான் கட்டிக்கிட்டு வந்தவ, எனக்கு இப்படிச் சொல்லத் தோணலையே" என்றார். அன்று எனக்குத்தான் முதலில் சாப்பாடு போட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

அவர்களை நம்பவைக்க ஒரு வழி இருந்தது. அந்தச் சுத்தியலை நான் துடைப்பதற்கு முன்னாலும் ஒரு படம் எடுத்திருந்தேன். சிவப்பு வளையம் பளிச்சென்று தெரியும். தேதியும் இருந்தது. போன் என் மடியில்தான் கிடந்தது. அதை எடுத்துக் காட்டியிருந்தால் அண்ணன் அந்த நிமிஷமே தன் மூளையைத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பார். எனக்குத்தான் அப்புறம் அந்த வீட்டில் இடம் இருந்திருக்காது. அண்ணி என் கையை விட்டதும் காட்டலாம் என்று நினைத்தேன். அவர் விட்டார், நான் காட்டவில்லை.

நீங்கள் கையை நீட்டிப் போனைக் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இன்று காலை, இங்கே கிளம்பும் முன், அண்ணன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் படத்தை அழித்துவிட்டேன். போனில் இடமே இல்லை, டாக்டர். எத்தனை கருவிகள், எத்தனை படங்கள்.

அண்ணன் கதவைத் தட்டுகிறார். உள்ளே வந்ததும் நான் சொன்னதையெல்லாம் அவரிடமே கேளுங்கள். என் தங்கச்சி எனக்காகப் பொய் சொல்கிறாள் என்றுதான் சொல்வார். நான் எதையும் மறைக்காமல் உங்களிடம் சொல்லிவிட்டேன். இதற்கு மேலும் நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது என் தப்பில்லை.