ஒற்றைக் கொம்பு

ஐயோ இழுக்காதம்மா, இழுத்தா ரத்தம் நிக்காது. அட்டைக்கு உப்பு போட்டா தானா விழுந்துரும். இந்தா, என் பையில எப்பவும் வெச்சிருப்பேன். பாத்தியா, போயிருச்சு. பயப்படாத லா. இந்தக் கட்டை மேல கொஞ்சம் உக்காரு. நம்மள விட்டுட்டு ஆரம்பிக்க மாட்டாங்க. மேல நினைவுப் பலகைய நட்டு இப்பத்தான் துணி கட்டிக்கிட்டு இருக்காங்க. அப்புறம் கண்ணப்பன் பேசணும். கேக்க ஆள் குறைஞ்சா அவரே எறங்கி வந்து கூட்டிட்டுப் போயிருவாரு.

ஆன்டின்னே கூப்பிடு, பரவால்ல. என் பேரு தாமரை. கிள்ளான்ல இருக்கேன். ஸ்கூல் ஆபீஸ்ல கிராணி, டைப் அடிக்கிற கிளார்க் வேலை, முப்பத்தோரு வருஷம், இப்ப ரிட்டையர். நீ? பினாங்கா! நாளைக்கே திரும்பிப் போறியா? அப்ப சரி.

நான் வரலாறு படிக்க வந்த ஆளு இல்லம்மா. எனக்குச் சுகர். டாக்டர் நடன்னு சொன்னாரு. மக வாணி இருக்காளே, அவதான் இந்த வாட்ஸ்அப் குரூப்ல என்னைச் சேத்து விட்டா. ஏதோ ஏரியச் சுத்தி நடப்பாங்கன்னு நெனச்சேன். மொத வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ். ரயில்வே ஆளுங்க இருந்த வீடு, பழைய கோயில்னு ரெண்டு மணி நேரம் வெயில்ல நிக்க வெச்சுக் கதை சொன்னாரு கண்ணப்பன். முடிஞ்சதும் எல்லாரும் வாழை இலைச் சாப்பாடு, மேல பாயசம். அந்த வாரம் சுகர் ஏறித்தான் இருந்துச்சு.

கண்ணப்பன் யாரா? அதோ, மைக்க ஊதிப் பாக்குறாரே, அவருதான். பேங்க் மேனேஜரா இருந்தவரு. அவங்க குடும்பமே வட்டிக்கடைக் குடும்பம், தோட்டத்துப் பக்கம் தலை வெச்சுப் படுத்தது கிடையாது. ஆனா ரப்பர் பால் மரத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சாருன்னு வெச்சுக்க, பொறந்ததுல இருந்து மரம் வெட்டிப் பால் எடுத்த ஆளு தோத்துப் போவாரு. நல்ல மனுஷன்தான். கண்ணெல்லாம் கலங்கும் அவருக்கு.

நாலாவது வாரம் இங்க கூட்டிட்டு வந்தாரு. ரவாங்னு சொன்னதும் எனக்கு வர மனசில்ல. வாணிதான், பணம் கட்டியாச்சு போங்கம்மான்னா. நாம உக்காந்திருக்கமே, இதெல்லாம் அப்ப ரப்பர் தோட்டம். கீழ வரிசையா வீடு தெரியுது பாரு தாமான், அங்கதான் லயத்து வீடுங்க இருந்துச்சு. ஜப்பான் சண்டை முடிஞ்சு ரெண்டு மூணு வருஷம் ஆயிருக்கும். நல்லம்மாள்னு ஒரு பொம்பள, வயித்துல புள்ள. மரத்துல கட்டுற மங்குல பால் குறைஞ்சிருக்குன்னு துரை பிரம்பால அடிச்சிட்டான். மறுநாள் விடியக்காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு ஒரு ஆள் போகல. பதினோரு நாள் யாரும் மரத்தத் தொடல. அந்தம்மா புருஷன் நாகையாதான் முன்னால நின்னவரு. பன்னெண்டாம் நாள் போலீஸ் லோரி வந்து சரியா அஞ்சு பேர மட்டும் ஏத்திக்கிட்டுப் போச்சு. அஞ்சு பேரையும் இந்தியாவுக்கே கப்பல் ஏத்திட்டாங்க. நாகையா தன் புள்ள மூஞ்சியப் பாக்கவே இல்ல.

ஆமா, யாரோ பேரு குடுத்திருக்கான். கங்காணி. அதச் சொல்லும்போது கண்ணப்பன் குரல் அப்படியே எறங்கும் பாரு. இந்தக் கேவலத்துக்கு அவனுக்குக் கெடச்சது என்ன தெரியுமா, ஒரு சைக்கிள்! அப்படிம்பாரு. எல்லாரும் ச்சீன்னாங்க. சுபாங்ல இருந்து வந்த ஒருத்தரு காறித் துப்புனாரு. நானும் ச்சீன்னேன். கூட்டத்துல சும்மா நின்னா நல்லாவா இருக்கும்?

புது ஆளுங்க வர்றப்பெல்லாம் இங்கதான் கூட்டிட்டு வருவாரு. நான் ஒரு தடவ கூடத் தவறல. எட்டு மாசம் ஆச்சு. அவரு கதையில சைக்கிளு மோட்டார் சைக்கிள் ஆயிருச்சு. போன மாசம் கங்காணிக்குத் துரை பங்களாவுல விருந்து நடந்ததாவும் சேத்துட்டாரு. எப்படி மாறுச்சுன்னு யாரும் கேக்குறதில்ல.

நடுவுல சிவகாமி வந்து சேந்தா. மஞ்சத் தொப்பி போட்டிருக்கா பாரு, அவதான். நாகையாவோட பேத்தி. அந்த நல்லம்மாள் வயித்துல இருந்த புள்ளைக்குப் பொறந்தவ. மொத நாள் இந்த எடத்துல நின்னு அப்படி ஒரு அழுக. யாருக்கும் என்ன செய்றதுன்னு தெரியல. நான்தான் புடிச்சு உக்கார வெச்சு மைலோ ஊத்திக் குடுத்தேன். அதுல இருந்து அக்கா அக்கான்னு என் கூடவேதான் நடப்பா. எனக்கு முட்டி வலி, ஏத்தத்துல கை குடுப்பா. எனக்குன்னு சக்கரை போடாம கேக் செஞ்சு எடுத்துட்டு வருவா. வாயில வெக்க முடியாது, ஆனா மனசோட செய்வா.

இந்தப் பலகைகூட அவளுக்காகத்தான். அஞ்சு பேரு பேரும் மேல, காட்டிக் குடுத்தவன் பேரு கீழ. டைப் பண்ணுனது யாரு? கிராணி அம்மாதான். கண்ணப்பன் கையெழுத்துல கங்காணி பேரு ரங்கசாமின்னு இருந்துச்சு. ரெங்கசாமின்னு மாத்திட்டேன். ஒரு கொம்புதான். மனுஷன் உடனே போன் போட்டாரு. எப்படித் தெரியும்னு கேட்டாரு. பழைய ரெஜிஸ்டர்ல பாத்தேன்னு சொல்லிட்டேன். சந்தோஷம் தாங்கல அவருக்கு. நீங்கதாம்மா உண்மையான ஆராய்ச்சியாளருன்னு சொல்லி, பலகைக்கு அடியில ஆய்வு உதவி தாமரைன்னு போட வெச்சுட்டாரு. அவரு பேருக்கு ரெண்டு வரி கீழ என் பேரு.

ரெஜிஸ்டரா? அதெல்லாம் இப்ப எங்க இருக்கு. அந்த ரெங்கசாமி எங்க அம்மாவோட அப்பா. சொந்தத் தாத்தா பேரத் தப்பா அடிக்கக் கை வருமா, சொல்லு.

ஆமா, அவருதான் பேரு குடுத்தாரு. அஞ்சு பேரும் அவரு வாயில இருந்து வந்ததுதான். எங்கம்மா சாகுறதுக்கு மொத நாள் சொன்னாங்க. துரை சைக்கிளெல்லாம் குடுக்கல. சுவர்க் கடிகாரம். எங்க வீட்டு ஹால்ல இன்னும் ஓடுது. சிவகாமி வீட்டுக்கு வந்தப்ப மணி பாத்துட்டு, அக்கா, அஞ்சு நிமிஷம் ஸ்லோன்னா.

இல்ல, அவகிட்டச் சொல்லல. இன்னைக்குச் சொல்லணும்னுதான் வந்தேன். போன தடவையும் அப்படித்தான் வந்தேன்.

எந்திரி, கூப்புடுறாங்க. நான் போய்த் துணிய இழுக்கணுமாம், வயசுல மூத்தவ இல்ல? அதோ அவளே எறங்கி வர்றா, கை குடுக்க.