இடது பக்கம் தாழ்ந்த வண்டி

சாயங்காலம் ஆறே முக்கால். புளியறைச் சாலை. இரண்டு பக்கமும் வயல், ஆள் நடமாட்டம் இல்லை. மலையிலிருந்து இறங்கும் சாரல், வருகிற வண்டியின் விளக்கு வெளிச்சத்தில் மட்டும் தெரிகிறது...

இன்னும் நெருங்கி உட்காருங்கள். கதவைச் சாத்த வேண்டாம். போன சாரல் சமயத்தில், நம் வேல்விழியின் மதினி முப்பிடாதிக்கு நடந்தது இது. வேல்விழி இதோ இங்கேதான் இருக்கிறாள். நான் கூட்டிச் சொன்னால் அவள் திருத்தட்டும். இதுவரை திருத்தியதில்லை.

முப்பிடாதி சோதனைச் சாவடியில் ஏட்டு. கேரளாவுக்குக் கடத்தும் ரேஷன் அரிசியைப் பிடிக்கிற வேலை. வண்டியைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பாள். ஓட்டுகிறவன் முகத்தை அப்புறம்தான் பார்ப்பாள்.

அன்றைக்கு வந்தது அவள் வீட்டுக் கார். பழைய மோரிஸ் மைனர், முட்டைக்கண் விளக்கு வைத்த குட்டிக் கார். அவள் கணவன் வேல்ராஜ் ஓட்டி வந்தான். பின் சீட்டில் மகள் இசக்கிமணி. கூடப் பணிசெய்யும் சுடலையாண்டி சிரித்தான்.

"யக்கா, இடது பக்கம் பின்னால அமுங்கிக் கெடக்கே! ரெண்டு மூட்டை இருக்கும் போல. வீட்டு வண்டின்னு விட்டுரவா, மடக்கவா?"

அவன் சொல்வதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள். பார்த்தது பிடிக்கவில்லை.

வேல்ராஜ் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவன். வந்து ஒரு வருஷம் வீட்டில் விருந்தாளி போல இருந்தான். சாப்பிடுவான், சுவரைப் பார்ப்பான். ராயகிரியில் ஒரு பழைய வீட்டுக் கொட்டகையிலிருந்து இந்தக் காரை இழுத்து வந்த பிறகுதான் அவன் வாய் திறந்தான். துரு சுரண்டினான். கண்ணாடிக்கும் கைப்பிடிக்கும் ஊர் ஊராக அலைந்தான். எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும் அவனுக்கு. ராத்திரிச் சாப்பாட்டில் அவன் வண்டிக் கதை பேச, மணி "ம்" கொட்டுவாள். முப்பிடாதிக்கு அந்தச் சத்தம் போதும். அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அதனால்தான் கதவு விஷயத்தில் அவள் ஒருமுறை சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள்.

பின்பக்க இடது கதவு. அதை மட்டும் யாரோ சுற்றிலும் வெல்டிங் வைத்து அடைத்திருந்தார்கள். காரை விற்ற நம்பிராஜனைக் கேட்டதற்கு, "எங்க தாத்தா அடைச்சது. கடைசி வரைக்கும் அவரே ஓட்டினாரு. பின்னால யாரையும் ஏத்த மாட்டாரு" என்றார். அவ்வளவுதான்.

"காரணம் இல்லாம ஒருத்தன் கதவை அடைப்பானாங்க?"

"ஒன் போலீஸ் புத்திய சாவடியிலயே வச்சிட்டு வா. மூணு கதவு மட்டும் தெறந்தா அது ஒரிஜினல் வண்டியா?"

வண்டி வந்த நாளிலிருந்தே அந்த மூலை தாழ்ந்துதான் இருந்தது. பட்டை ஸ்பிரிங் நைந்துபோயிற்று என்று புதுசு மாற்றினான். அப்படியும் நிமிரவில்லை. கடைசியாக, செங்கோட்டையிலிருந்து முகம்மது சலீம் வந்து வெல்டிங்கை அறுத்தான். கதவு திறந்ததும் உள்ளிருந்து ஒரு குளிர்... நனைந்த துணியை நாள்கணக்கில் மூடி வைத்த வாசனை. மற்ற மூன்று கதவுகளும் மாசக்கணக்கில் திறந்தே கிடந்தன என்பது முப்பிடாதிக்கு அப்போதே உறைத்தது. அப்புறம் எப்படி மூடி வைத்த வாசனை?

மறுநாள் காலையில் பூசை போட்டார்கள். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். வேல்ராஜ் இன்னும் சாவியைக்கூடத் திருகவில்லை.

பொதுக்.

பின்பக்க இடது சக்கரத்துக்கு அடியில். சாறு மண்ணில் ஓடியது. "சரிவுல நிக்கி" என்றான் வேல்ராஜ். தரை சமமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம்தான் அவளைக் கூப்பிடச் சாவடிக்கு வந்தான். அவள் டார்ச்சைப் பின் சீட்டில் அடித்தாள். மணி மட்டும். வலது ஓரத்தில், கதவோடு ஒட்டி ஒடுங்கியிருந்தாள்.

"ஏட்டி, இவ்வளவு எடம் கெடக்கு, தள்ளி உக்காரு. நான் வாரேன்."

"நீ முன்னால உக்காரும்மா. இங்கன எடமில்ல."

விளையாட்டாகச் சொன்னது போல இல்லை. பேருந்தில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

வீடு வரும்வரை முப்பிடாதி திரும்பிப் பார்க்கவில்லை. மேட்டில் ஏறும்போதெல்லாம் பின்னால் ஸ்பிரிங் முனகியது. அந்த ஈர வாசனை அவள் பிடரி வரைக்கும் வந்து நின்றது. எத்தனை வண்டிகளை நிறுத்தியிருக்கிறாள்... இந்த ஒன்றை நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லையே. இவன் சிரிப்புப் போய்விடும் என்று பயந்து, பிள்ளையை எதன் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன்?

வீட்டு வாசலில் மணி தன் பக்கம் இறங்கி, சுற்றி வந்து, அந்த இடது கதவைத் திறந்தாள். உடனே சாத்தவில்லை. பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். வயசானவர்கள் இறங்க நேரம் கொடுப்பது போல...

"ஏட்டி, உள்ள போ!" என்று முப்பிடாதி அவளை இழுத்துக் கதவை அறைந்து சாத்தினாள். அப்போதே சலீமுக்குப் போன் போட்டாள்.

வேல்ராஜ் கோபத்தில் குதித்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். சலீம் வந்து, "தெறக்கவும் நானே, அடைக்கவும் நானேயாக்கா?" என்று கேலி பண்ணிக்கொண்டே தீப்பொறி பறக்க வெல்டிங் வைத்தான். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, ஒரு விரற்கடை விடாமல் வைக்கச் சொன்னாள்.

முடிந்ததும் விலகி நின்று பார்த்தாள். பழக்கம்.

வண்டி சமமாக நின்றது. பின்பக்கம், இடது, வலது... எங்கேயும் துளி தாழ்வு இல்லை.

"பாத்தியா? ஸ்பிரிங் இப்பத்தான் செட் ஆயிருக்கு" என்றான் வேல்ராஜ். சிரித்தான். அவளுக்கும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் தோளில் கை வைத்தாள்.

அப்புறம் பிள்ளையைப் பார்க்க உள்ளே போனாள்.

மணி தூங்கிவிட்டிருந்தாள். கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில், உருண்டுவிடாமல் இரண்டு கையாலும் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு.

கட்டிலின் மறுபாதியில் யாரும் இல்லை. அங்கே கயிறு, தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்திருந்தது.