புகை நின்ன நாளு

ஐடி கார்டக் காட்டும்மா, பாக்குறேன். கோச்சுக்காத. போன தபா வந்தவரும் மாசு வாரியத்துலேர்ந்துதான் வரேன்னாரு. புகார் குடுத்தது யாரு, யாருன்னு எங்க தெருவுல கேட்டுகினே போனாரு. மறுநாளு, புகார் குடுத்த ஜெரோமுக்குக் கம்பெனில வேல இல்ல.

ம்... போட்டோல நீதான். சரி, உக்காரு.

ஆமா, இன்னிக்கு புகை இல்ல. வாடையும் இல்ல. அப்டியே எழுதிக்கினு போயிடுவியா? பழைய டயர உருக்கி ஆயிலு எடுக்குற கம்பெனிம்மா அது. மத்த நாள்ல வந்து பாரு, கொடில காயுற துணியெல்லாம் கரி கரியா ஆயிடும். எம்பொண்ணு ஜெனிட்டா கூடுவாஞ்சேரிக்கு வேலைக்குப் போவுது. வெள்ளச் சுடிதாரே வாங்கறதில்ல.

யாருக்கும் சொல்லாமதான் வந்தியா? அப்ப நேத்து பொழுது சாயறதுக்குள்ள இன்னாத்துக்கு அடுப்ப அணைச்சாங்க? கேட்டாண்ட இன்னாத்துக்குத் தண்ணி அடிச்சுக் கழுவுனாங்க? உன் ஆபீஸ்லயே எவனோ போன் பண்ணிட்டான். தோ, உன் டிரைவரு வாச்மேன் கூட சிரிச்சுப் பேசிகினு கீறாரு பாரு.

உன்ன சொல்லலம்மா. அவங்க குடுத்த எளநிய குடிச்சியா? குடிக்கலயா... சும்மாதான் கேட்டேன்.

பின்னாடி ஷெட்டக் காட்டுனாங்களா? பூட்டிக் கீது, சாவி மேனேஜர் கிட்ட, மேனேஜர் சிறுசேரி போயிருக்காருன்னாங்களா? காலைல என்கிட்டயும் அதான் சொன்னாங்க.

நான் இன்னாத்துக்குப் போனேனா? எங்கூட்டுக்காரரு வரதன் அங்கதாம்மா உலையாண்ட நிக்கறவரு. அவசரமா அணைச்சாக்கா உள்ள கேஸ் கட்டிக்கும்னு அவரே சொல்லிக்கீறாரு. நேத்து அணைச்சதும் எல்லாரையும் வேன்ல ஏத்தி அனுப்பிட்டோம்னு வாச்மேன் சொல்றான். மத்தவங்க வூடு வந்துட்டாங்க. வேன்ல இவரப் பாக்கலன்றாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த பேச மாட்டேன்றாங்க, அவங்களுக்கும் வேல போயிடும் இல்ல? ஸ்டேஷன்ல கேட்டா, எங்கயாவது குடிச்சுட்டு கெடப்பாரு போன்னுட்டாங்க. அவரு குடிக்கறதே இல்லம்மா.

உன்கிட்டயும் சொல்லலாமா வேணாமான்னுதான் இவ்ளோ நேரம் பாத்துகினு இருந்தேன்.

அவருக்குப் போன் போட்டா ரிங்கு போவுது. எடுக்கல. அந்த ஷெட்டுக்குப் பின்னாடி செவுத்தாண்ட நின்னு போட்டா, உள்ள மணி அடிக்கிறது கேக்குது. வாம்மா, நான் போன் போடறேன், நீயே காது வெச்சுக் கேளு.