வாசல் தாண்டாத இறக்கை

மாமா: இன்னும் ரெண்டு விரல் நீளம் விட்டா...

அத்தை: விட்டா செவுத்தைத்தான் இடிக்கணும்! ஏங்க, நீங்க செய்றது இறக்கையா, கூரையா?

மாமா: ஓரத்தைப் பிடின்னா பிடி. அட்டை ஆடுது.

அத்தை: அவ முழங்கை வரைக்கும் போதும்னு காலையிலயே...

மாமா: முழங்கை வரைக்கும் வச்சா அது கோழிடி. நம்ம வாலுப் பொண்ணு கோழியா? உலகத்தைக் காப்பாத்தப் போறவ.

அத்தை: மொதல்ல பள்ளிக்கூடத்து மேடையில ஏறட்டும். வெள்ளிக்கிழமை மாறுவேஷப் போட்டி, ரெண்டு நிமிஷம் நிப்பா. அதுக்கு ஆளுயர அட்டையா? இது நம்ம வாசல்ல நுழையுமா?

மாமா: அந்த ஸ்கேலை இப்படித் தள்ளு.

அத்தை: கேக்குறேன்ல?

மாமா: சாய்ச்சுக் கொண்டு போகலாம். அந்தக் கரண்டியை எடு. காம்பால கோட்டை அழுத்தினாதான் மடிப்பு நேரா விழும்.

அத்தை: அட்டைப்பெட்டிப் பட்டறையில காலம் பூரா அளந்து வெட்டுற மனுஷன். கேக் டப்பா மூடி ஒரு நூல் தப்பினாத் தூக்கி எறிவீங்க. உங்களுக்கு வாசல் அளவு தெரியாதாக்கும்!

மாமா: வாலு எங்க?

அத்தை: உள்ள. தலைக்கவசத்துக்கு வெள்ளித்தாள் ஒட்டுறா. பேச்சை மாத்தாதீங்க.

வாலு: மாமா! பசை தீந்துருச்சு!

மாமா: தீந்துச்சா, தின்னுட்டியா?

வாலு: பாதி தலைக்கவசத்துல இருக்கு. மீதி தலையில இருக்கு.

அத்தை: ஐயோ, முடியிலயா? இங்க வா, பாப்போம்.

வாலு: வந்துட்டேன். அத்தை, என் மஞ்சள் கவுனு எங்க? கவசத்துக்கு உள்ள அதைப் போட்டாதான் எடுப்பா இருக்கும்.

அத்தை: அது... துவைச்சுப் போட்டிருக்கேன்.

வாலு: முந்தாநாளும் அதான் சொன்னீங்க.

அத்தை: இன்னும் காயல.

வாலு: பச்சைச் சட்டையும் காயலயா?

அத்தை: கேள்வி கேட்டே ஆளைக் கொல்லு. போ, குழாயில தலையை நனைச்சுப் பசையை எடு.

வாலு: போறேன். மாமா, நெஞ்சுக்கவசத்துல நம்பர் போட்டீங்களா?

மாமா: எந்த சூப்பர்ஹீரோ வீட்டு நம்பரை நெஞ்சுல ஒட்டிக்கிட்டுத் திரியுறா? நட்சத்திரம் வெட்டித் தரேன். மின்னல் வெட்டித் தரேன்...

வாலு: பதினேழுதான் வேணும்.

மாமா: தபால்பெட்டி மாதிரி இருக்கும்டி.

வாலு: இருந்தா இருக்கட்டும். பறக்கிறவங்களுக்கு எறங்குற எடம் தெரிய வேணாமா?

மாமா: அதுவும் சரிதான்... போ, தலையைக் கழுவு.

அத்தை: போயிட்டாளா?

மாமா: குழாய்ச் சத்தம் கேக்குது பாரு. மெதுவாப் பேசு.

அத்தை: எல்லாத்தையும் பெட்டியில அடுக்கிட்டேங்க. மஞ்சள் கவுனை மட்டும் மேலாக்க வச்சிருக்கேன். அங்க போனதும் மொதல்ல அதைத்தான் தேடுவா.

மாமா: அதுக்குள்ள என்ன அவசரம்?

அத்தை: சனிக்கிழமை விடிஞ்சா என் தம்பி வந்து நிப்பான். அவன் முன்னாடி உக்காந்து மடிக்கவா? என்னால முடியாது. அந்தக் குட்டிக் குட்டிச் சட்டைக் கையை மடக்கி வைக்கிறப்போ...

மாமா: சரி... சரி, விடு.

அத்தை: அலமாரி மேல, போர்வைக்குப் பின்னால தள்ளி வச்சிருக்கேன். அவ கண்ணுல படாது.

மாமா: இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும்னு தம்பிகிட்ட கேட்டுப் பாக்கலாமே?

அத்தை: என்னன்னு கேக்க? பொண்டாட்டியைப் பறிகுடுத்துட்டு, கைக்குழந்தையை என் மடியில போட்டப்போ அவன் அழுத அழுகை எனக்குத் தெரியும். இப்போதான் இன்னொரு கல்யாணம்னு ஒண்ணு அமைஞ்சிருக்கு. வந்தவளும், குழந்தை அவங்ககூடதான் இருக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாளாம். நல்லவளா வேற இருக்கா. சண்டை போடக்கூட வழியில்ல.

மாமா: கெட்டவளா இருந்து தொலைச்சிருக்கலாம்.

அத்தை: வாயைக் கழுவுங்க.

மாமா: ஏழு வருஷம்டி.

அத்தை: எனக்குத் தெரியாதா? பெத்தவன் கேக்குறான். நாம வளத்தவங்கதானே...

மாமா: 'தானே'ன்னு ஒரு இழுவை வேற.

அத்தை: அவகிட்ட யாரு சொல்றது? அதைச் சொல்லுங்க. நேத்து நீங்க சொல்றதாத்தான பேச்சு?

மாமா: சொல்லத்தான் கூப்பிட்டேன். ஓடி வந்து, "மாமா, இறக்கையை முதுகுல எப்படி மாட்டுறது?"ன்னா. மாட்டுறதைச் சொல்லிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

அத்தை: நல்ல ஆளு!

மாமா: அதுக்கு முந்தின நாளு உன் முறை. நீ சொன்னியா?

அத்தை: தலை வாரி விடுறப்போ ஆரம்பிச்சேன். "ஏன் அத்தை இன்னிக்கு இவ்ளோ மெதுவா வாரறீங்க?"ன்னு கேட்டா. அப்புறம் எங்கேருந்து சொல்ல?

மாமா: வெள்ளிக்கிழமை முடியட்டும். மேடையில நின்னு கைதட்டு வாங்கட்டும். அப்புறம்...

அத்தை: அப்புறம் சாயங்காலம் சொல்லி, காலையில அனுப்புறதா?

மாமா: ஓரம் நழுவுது, பிடி.

அத்தை: அதுக்குத்தானா இந்த இறக்கை?

மாமா: எதுக்கு?

அத்தை: பஸ்ஸுல ஏறாது. கார்ல ஏறாது. வாசலையே தாண்டாது. நான் என்ன பச்சைப்புள்ளையா? தெரியாமலா இந்த ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்?

மாமா: ஒரு மடிப்புதான் பாக்கி. ஆடாம பிடி.

அத்தை: ஏங்க... அட்டைதானே. என் தம்பி ரெண்டு பக்கமும் கத்தரிச்சுட்டுக் கூட்டிக்கிட்டுப் போயிடுவான்.

மாமா: தெரியும்.

அத்தை: தெரிஞ்சுமா?

மாமா: கத்தரிக்கிற நேரமாவது இங்க இருப்பால்ல.

அத்தை: குழாய்ச் சத்தம் நின்னுடுச்சு. கண்ணைத் தொடைங்க.

மாமா: அட்டைத் தூசு.

அத்தை: ஆமா. எனக்கும் தூசுதான்.

வாலு: டண்டடாய்ங்! தலைக்கவசம் எப்படி?

மாமா: அடேயப்பா! விமானமெல்லாம் ஒதுங்கி வழி விடும்.

வாலு: இறக்கை முடிஞ்சுதா? ஐயையோ... மாமா! எவ்ளோ பெருசு!

மாமா: உனக்குத்தான் கண்ணு. பிடிச்சிருக்கா?

வாலு: ரொம்ப. ஆனா...

அத்தை: என்ன ஆனா? மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாரு, சொல்லு.

வாலு: நடுவுல மடிக்கிற மாதிரி செய்யலாமா?

மாமா: மடிச்சா தொங்கிப் போயிடும்டா தங்கம். எதுக்கு மடிக்கணும்?

வாலு: அத்தை, திட்ட மாட்டீங்கல்ல?

அத்தை: மாட்டேன்.

வாலு: அழவும் மாட்டீங்கல்ல?

அத்தை: நான் எதுக்குடி அழப் போறேன்... சொல்லு.

வாலு: நான் ஸ்கேல் வச்சு அளந்துட்டேன் மாமா... அலமாரி மேல, போர்வைக்குப் பின்னால இருக்கே பெட்டி, அதுல என் மஞ்சள் கவுனுக்கு மேல கொஞ்சூண்டு எடம்தான் இருக்கு.